குறையாத தண்ணீர்

சாய்ந்தமருதில், ஓகஸ்ட் மாதத்து அனல் வீசும் கச்சான் காற்றில், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டிய ஆள் ஒருவர் உண்டென்றால் அது ஜெனூபா டீச்சர்தான். கதையைக் கேட்டவர்களில் பாதிப் பேர் நம்பவில்லை. நம்பிய பாதிப் பேர், மனிசிக்கு வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்று முடிவுகட்டினார்கள். இரண்டு கட்சிக்கும் அவள் பதில் சொல்லவில்லை. கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு விடை சரியாக இருந்தால் போதும், கைதட்டல் தேவைப்படுவதில்லை.

கார் பதினோரு வயதுக் கார். ஜப்பானில் யாரோ ஒரு குடும்பம் ஓட்டிக் களைத்து, கொழும்பில் இரண்டு கை மாறி, கடைசியில் ஜெனூபாவின் வளவுக்கு வந்து சேர்ந்தது. வெள்ளி நிறம். பின்கதவை மேலே தூக்கித் திறக்கவேண்டும். பின்னால் மூன்று பேர் இருந்தால் நடுவில் இருப்பவர் மூச்சை அளந்துதான் விடவேண்டும். ஆனாலும் அது ஒரு குடும்பத்துக்குப் போதுமான கார், ஒரு கணக்கு டீச்சருக்கு மிகவும் போதுமான கார்.

அந்த வகைக் காருக்கு மூன்று வருத்தங்கள் வரும் என்று அதை வாங்குமுன்பே அவளுக்குத் தெரியும். காலையில் குளிரோடு வெளிக்கிடும்போது கியர்பெட்டி ஒருமுறை உடம்பை உதறும். பின்சில்லின் பெயாரிங் தேய்ந்தால் வண்டுபோல ரீங்காரம் கேட்கும். மூன்றாவதுதான் பொல்லாதது. எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்றி ஓடவிடும் வோட்டர் பம்ப், லட்சம் கிலோமீற்றர் தாண்டியதும் கசியத் தொடங்கும். தண்ணீர் வற்றினால் எஞ்சின் வெந்துபோகும், பிறகு வண்டியை நிறுத்துப் பார்த்துப் பழைய இரும்புக்குத்தான் கொடுக்கவேண்டும். போதாததற்கு இந்தக் காரில் சூடு காட்டும் முள்ளும் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் ஒரு நீல விளக்கு, கொதித்தால் ஒரு சிவப்பு விளக்கு. நடுவில் என்ன நடக்கிறதென்று வண்டி வாய் திறக்காது.

வாய் திறக்காத பிள்ளைகளைப் படிப்பித்துப் பழகியவள் ஜெனூபா. வரிப்பத்தான்சேனைப் பாடசாலையில் இடாப்பில் பெயர் கூப்பிடுகிற மாதிரி, காரின் மூன்று வருத்தங்களையும் ஒழுங்காகக் கூப்பிட்டுப் பார்ப்பாள். இரவில் காருக்குக் கீழே ஒரு காட்போட் மட்டையைத் தள்ளிவைத்து, சுபஹுத் தொழுகை முடிந்ததும் அதை இழுத்தெடுத்து வெளிச்சத்தில் பிடிப்பாள். கறுப்புப் பொட்டு என்றால் எஞ்சின் எண்ணெய், சிவப்பென்றால் கியர்பெட்டி, இளஞ்சிவப்பென்றால் கூலன்ட் கலந்த தண்ணீர். வெறும் ஈரம் ஏசியில் இருந்து சொட்டியது, அதற்குக் கவலை இல்லை. டீச்சர் மட்டையில் குறி பார்க்கிறா என்று பக்கத்து வளவுக் கமீலா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். பார்க்கத்தான் செய்கிறேன், இன்றைக்கும் நல்ல காலம்தான் என்று சொல்லி ஜெனூபா மட்டையைத் தட்டி மதிலில் சாத்துவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பொனட்டைத் திறந்து தண்ணீர்த் தாங்கியைப் பார்ப்பாள். வெள்ளைப் பிளாஸ்டிக் தாங்கியில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. தண்ணீர் மேல்கோட்டில் நிற்கவேண்டும். நின்றது. மாதக்கணக்காக, ஒரு நூல்கூட இறங்காமல் நின்றது.

இவ்வளவு கண்காணிப்புக்கும் ஒரு காரணம் இருந்தது. காருக்கு முன்பு ஏழு வருடம் அவள் மற்ற ஆசிரியைகளோடு வேனில்தான் வரிப்பத்தான்சேனைக்குப் போய்வந்தாள். பாடசாலை மணி அடித்துப் பத்து நிமிடத்தில் வேன் திரும்பிவிடும். வேன்காரருக்கு அடுத்த ஓட்டம் இருந்தது, அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் ஓ.எல். பரீட்சை எடுக்கும் பிள்ளைகள் கணக்கில் வருடத்துக்கு வருடம் கவிழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பின்னேரம் மறித்துவைத்துப் படிப்பிக்க அவளுக்கு ஆசை இருந்தது, நேரம் வேன்காரரின் கையில் இருந்தது. கார் வந்த மாதமே பின்னேர வகுப்புத் தொடங்கியது. திங்கள், புதன், வியாழன், நாலு மணி வரை. போன வருடம் பதினொரு பேர் எழுதி ஒன்பது பேர் தேறினார்கள். கார் போனால் வகுப்பும் போய்விடும். அதனால் காரைக் கைவிட அவள் தயாராக இல்லை.

ஆனால் விற்கவேண்டும் என்று வீட்டிலேயே ஒருவர் நினைத்தார். அவளுடைய கணவர் முஹ்ஸினுக்குக் கல்முனையில் மருந்துக் கடை. எல்லா வருத்தத்தின் பெயரும் தெரிந்த மனிதர், ஆகவே எல்லாம் தன் வீட்டுக்கு வரும் என்று பயப்படுவார். அதிலும் ஒரு பயத்துக்கு நியாயம் இருந்தது. அவள் பாடசாலைக்குப் போகும் வழியில், இறக்காமப் பக்கம் ஒரு பின்னேரம் வேறொரு ஆசிரியரின் கார் நடுவழியில் நின்றுவிட, காட்டிலிருந்து வந்த யானை அரை மணித்தியாலம் காரைச் சுற்றி வந்தது. அந்த ஆசிரியர் உள்ளே குனிந்து கிடந்து கலிமா சொன்னதாகக் கேள்வி. அன்றிலிருந்து ஜெனூபா கேட்டைத் தாண்டி வருகிறவரை முஹ்ஸினுக்குச் சோறு இறங்காது.

அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றியவர் முஹ்ஸினின் காக்கா, அவருக்கு மூத்த சகோதரர், மஜீட். நற்பிட்டிமுனையில் வீடு, சாகாமத்தில் வயல். கெட்டவர் இல்லை. ஆனால் ஒன்றைப் பற்றி ஒருதரம் அபிப்பிராயம் வைத்துவிட்டால் அதை வயல் வரம்புமாதிரிக் கட்டிக்காப்பார். பம்ப் போகும் வண்டி என்று உலகத்துக்கே தெரியும், போகுமுன்பே தள்ளிவிடுங்கள் என்பது அவருடைய அபிப்பிராயம். மருதமுனையில் ஒருவர் வாங்கக் காத்திருப்பதாகவும், தான் அவருக்கு வாய்விட்டுச் சொல்லிவைத்திருப்பதாகவும் சொன்னார்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, மஜீட் பார்த்திருக்க முஹ்ஸின் பேச்சை முடித்தார்.

“வழியில ஒரு நாள் நிண்டா, அடுத்த நாள் விக்கிற. சரியா?”

“ஓம்,” என்றாள் ஜெனூபா. “ஆனா அது தன்ர பாட்டில நிண்டாத்தான். நான் பார்த்து நிப்பாட்டினா அது வேற.”

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மஜீட் சிரித்தார். இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வேடிக்கை என்னவென்றால், விற்கச் சொன்ன அதே காரைத்தான் மஜீட் சனிக்கிழமைதோறும் இரவல் வாங்கினார். சித்திரையில் சிறுபோகம் விதைத்த நாளிலிருந்து அவருக்கு முழங்கால் நோவு. மோட்டார் சைக்கிளில் சாகாமம் வரை போக ஏலாது. சனிக்கிழமை பாடசாலை இல்லை, கார் சும்மாதான் நிற்கும். மனைவி றஹீமாவையும் ஏற்றிக்கொண்டு காலையில் போய், பின்னேர அஸர் தொழுகைக்குத் திரும்பிவிடுவார்.

இரவல் வாங்குவதில் மஜீட் ஒரு கனவான். அயலவர் ஒரு கோப்பையில் கறி கொடுத்தனுப்பினால், அந்தக் கோப்பையை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது அந்தப் பக்கத்தில் மரியாதை இல்லை, ஒரு வாழைப்பழமாவது அதில் இருக்கவேண்டும். மஜீட் காரையும் கோப்பையைப்போலத்தான் நினைத்தார். சில்லில் வயல் சேறு இருக்காது. போனதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பெற்றோல் இருக்கும். பின்னால் குளத்து விரால் நாலைந்து கோர்வையாகக் கிடக்கும். காரை விற்கச் சொல்லும் மனிதர் அதை இவ்வளவு பத்திரமாகத் திருப்பித் தருகிறாரே என்று ஜெனூபாவுக்கு அவர்மேல் ஒரு பிரியமும் இருந்தது.

இப்படி நாலு மாதம் ஓடியது. ஜெனூபாவின் நெஞ்சும் கொஞ்சம் நிமிர்ந்தது. கார் பார்க்கும் இன்ஸாப் பாஸ், கல்முனையில் சின்ன கராஜ் வைத்திருப்பவர், எண்ணெய் மாற்றும்போது பம்ப் எப்படி என்று கேட்டதற்கு, ஒரு நூல் குறையவில்லை, வண்டி என்பது பார்க்கிற கையைப் பொறுத்தது என்று ஒரு சின்னப் பிரசங்கமே வைத்தாள். இந்த ஓட்டத்துக்கு ஒரு நூலாவது குறையவேண்டுமே என்று அவர் தலையைச் சொறிந்தார். பொறாமை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஓகஸ்ட் முதல் ஞாயிறு பொனட்டைத் திறந்தபோது தண்ணீர் வழக்கம்போல மேல்கோட்டில் நின்றது. நிறம்தான் ஒருமாதிரி இருந்தது. சர்பத்துமாதிரி இளஞ்சிவப்பாக இருக்கவேண்டியது, பால் விடாத, ஆறிப்போன பிளேன்ரீமாதிரி இருந்தது. ஒரு சொட்டைத் தொட்டு விரலில் தேய்த்தாள். கூலன்டுக்கு உள்ள வழுவழுப்பு இல்லை. விடை சரி, செய்கை பிழை என்று பிள்ளைகளின் கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதுவாளே, அப்படி ஒரு கணக்கு. இன்ஸாப் பாஸ் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போயிருந்தார். வெள்ளி பின்னேரம் வருகிறாராம், அடுத்த ஞாயிறு கொண்டுவரும்படி போனில் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமைதான் மஜீடின் வயலில் நெல் வெட்டு. வெட்டு மெஷின் கிடைப்பதே பெரும்பாடு, நாள் தப்பினால் அடுத்த ஊருக்குப் போய்விடும். ஏழு பேருக்கு மத்தியானச் சாப்பாட்டை றஹீமா பெரிய சட்டியில் கட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டாள். சாவியைக் கொடுக்குமுன் ஜெனூபாவுக்கு மனம் கேட்கவில்லை, பொனட்டைத் திறந்தாள். அவள் சனிக்கிழமையில் தண்ணீர் பார்ப்பது அதுவே முதல்தடவை. தண்ணீர் கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

போன ஞாயிறு மேல்கோடு, இந்தச் சனி கீழ்க்கோடு. நாலு மாதம் அசையாதது ஆறு நாளில் இரண்டு விரல் இறங்குமா? மட்டையில் ஒரு பொட்டும் இல்லை. கணக்கு ஒத்துவரவில்லை. ஆனால் வாசலில் ஏழு பேரின் சாப்பாடு சூடாக நின்றது, வேறு வண்டி தேட நேரமில்லை. அவள் நல்ல தண்ணீர் ஊற்றி மேல்கோட்டுக்குக் கொண்டுவந்தாள். இரண்டு பெரிய போத்தல் குடிதண்ணீரைப் பின்னால் வைத்தாள்.

“இண்டைக்கு நான் ஓட்டுறன் மச்சான்,” என்றாள். “நீங்க பக்கத்தில இருங்க.”

மஜீட் முன்னால், றஹீமா சாப்பாட்டுச் சட்டியோடு பின்னால். நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, எல்லாம் சுகமாகக் கழிந்தன. அக்கரைப்பற்றில் திரும்பிச் சாகாம வீதியில் ஏறியபோது வெயில் பிடரியைப் பிடித்தது. இரண்டு பக்கமும் வயல், பாதி வெட்டியது, பாதி தலை சாய்ந்து நின்றது. மஜீட் விளைச்சலைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார். ஜெனூபா ஓம் ஓம் என்றாளே தவிர, அவளுடைய மூக்கு வேறு வேலையில் இருந்தது. பாணி காய்ச்சும்போது வருமே, அந்த இனிப்பு மணம் ஏசி வழியாக வந்தது. கூலன்ட் சூட்டில் தீயும் மணம் அதுதான்.

சிவப்பு விளக்கு எரியவில்லை. அவள் ஏசியை நிறுத்தி, அந்தப் பக்கத்தில் யாரும் தொட்டே இராத அந்தக் குமிழைத் திருப்பி ஹீட்டரைப் போட்டாள். மஜீட் பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்தார். முகத்தில் அனல் அடித்தது. பின்னாலிருந்து றஹீமா, யா அல்லாஹ் என்றாள். ஜெனூபா கையைக் காற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டே ஓட்டினாள். ஒரு கட்டை, ஒரு மைல் தூரம் போகுமுன் அனல் தணிந்தது. வெதுவெதுப்பானது. பிறகு வெறும் காற்றாகிவிட்டது.

அவள் வீதியோரத்து மருத மர நிழலில் காரை ஒதுக்கி எஞ்சினை அணைத்தாள்.

“என்னத்துக்கு நிப்பாட்டின? சிவப்பு எரியல்லையே,” என்றார் மஜீட்.

“அது எரியாது மச்சான். அந்த லைட் தண்ணியிட சூட்டைத்தான் பார்க்கும். தண்ணி இல்லாட்டி அது என்னத்தப் பார்க்கும்? ஹீட்டருக்கு சூடு குடுக்கிறதும் அதே தண்ணிதான். இப்ப அது குளிர் காத்து அடிக்குது.”

மஜீடுக்கு விளக்கம் ஏறவில்லை, ஆனால் ஒன்று விளங்கியது. கார் வழியில் நிற்கிறது. அவர் இறங்கிப் போய் மரத்தடியில் நின்று தம்பிக்குப் போன் எடுத்தார். நான் அப்பவே சொன்னேன் என்ற சொல் காற்றில் தெளிவாக வந்தது. போனை வைத்துவிட்டு, அந்த வழியால் வந்த உழவு மெஷினை மறித்து, சாப்பாட்டுச் சட்டியோடு அதன் பின்பெட்டியில் ஏறினார். வயல் இரண்டு கட்டை தூரம்தான். கூலிக்காரரின் வயிற்றைக் கவனித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

எஞ்சின் ஆறாமல் மூடியைத் தொடக்கூடாது, ஆவி முகத்தை அவித்துவிடும். இரண்டு பெண்களும் மரத்தடியில் இருந்தார்கள். ஜெனூபாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. பின்னேர வகுப்பில் முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. இந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்பதைவிட, இவ்வளவு நாளும் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவளை அரித்தது.

றஹீமா அவளைத் தேற்றத்தான் அந்தக் கதையை எடுத்தாள்.

“கவலப்படாதகா. இவர் வந்து தண்ணி ஊத்திருவார். ஒவ்வொரு சனியும் கேனோட வாய்க்காலுக்கு இறங்கி, அள்ளிவந்து நிரப்பித்தானே மறுகா வண்டிய எடுக்கிற. மச்சிட வண்டி, குறையோட குடுத்தா நமக்குத்தான் வெக்கம் எண்டு.”

ஜெனூபாவுக்குக் கணக்கு ஒரே வரியில் ஒத்துவந்துவிட்டது. ஐந்து நாள் பாடசாலை ஓட்டத்தில் பம்ப் கசிந்திருக்கிறது. கசிந்தது சூடான எஞ்சினிலேயே காய்ந்து, மட்டைக்கு ஒரு சொட்டும் இறங்கவில்லை. சனிக்கிழமை மஜீட் நிரப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவள் போய் மேல்கோட்டைப் பார்த்துத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய நாலு மாதப் பெருமை முழுவதும் மஜீடின் கேனிலிருந்து வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. றஹீமா பயந்துபோய் அவளுடைய கையைப் பிடித்தாள்.

மஜீட் உழவு மெஷினில் வாய்க்காலடி வரை திரும்பி வந்து இறங்கினார். நொண்டி நொண்டி, வேர்க்க விறுவிறுக்க, கையில் வாய்க்கால் தண்ணீர்க் கேனோடு வந்தார். தண்ணீரின் மேலே பாசி மிதந்தது. உழுகிற லேண்ட்மாஸ்டருக்கு நாற்பது வருடமாக அவர் அப்படித்தான் ஊற்றினார், அதற்கு அது போதும். இந்தக் காரின் ரேடியேட்டருக்குள்ளே குழாய்கள் ஈர்க்குக் குச்சி அளவுதான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஜெனூபா கேனை வாங்கிக் கீழே வைத்தாள். ஆறிய மூடியைத் திறந்து அவரைக் கூப்பிட்டாள். தண்ணீர் நின்றவரை கண்ணில் படாத வண்டல், தாங்கியின் அடியில் ஒரு விரல் படிந்திருந்தது. ஒரு பாசி இழை வாயருகே ஒட்டிக்கிடந்தது. மஜீட் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வயல்காரருக்குத் தன் வாய்க்கால் மண்ணைத் தெரியாதா?

“இத்தின நாளும் நீங்கதான் ஊத்தினீங்களா மச்சான்?” என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

“ஓம். நான்தான் ஊத்தின,” என்றார். “இரவல் எடுத்த பண்டத்தை குறையோட எப்படித் தாற?”

அவள் போத்தல் தண்ணீரை ஊற்றி, எஞ்சினை எழுப்பி, கசிவு எவ்வளவு வேகம் என்று காது கொடுத்துக் கேட்டாள். கல்முனை வரை போய்ச்சேரலாம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மெதுவாகப் போகவேண்டும், சூட்டை எஞ்சினிலிருந்து இழுத்து வெளியே விட ஹீட்டரை முழுசாகப் போடவேண்டும், பத்துக் கட்டைக்கு ஒருதரம் நிறுத்தி ஆறவிடவேண்டும். வெட்டு வேலையை வயல் பார்க்கிறவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்த மஜீட், பேசாமல் முன்னால் ஏறினார்.

அந்தப் பயணத்தைத்தான் ஊர் இன்னும் நம்பவில்லை. நாலு கண்ணாடியும் இறக்கியிருக்க, வெளியே கச்சான், உள்ளே ஹீட்டர். மஜீடின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. றஹீமா முந்தானையால் விசிறி விசிறி ஸலவாத்துச் சொன்னாள். அக்கரைப்பற்றுச் சந்தியில் பக்கத்தில் வந்து நின்ற ஓட்டோக்காரர், காருக்குள்ளிருந்து அடித்த அனலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெனூபா மட்டும் நிமிர்ந்திருந்து ஓட்டினாள். ஒரு கையை ஹீட்டர்க் காற்றுக்கு நேரே வைத்திருந்தாள். காற்றுச் சூடாக வருகிறவரைக்கும் கார் சுகமாக இருக்கிறது. அட்டாளைச்சேனையில் ஒருதரம், காரைதீவில் ஒருதரம் நிறுத்தி ஆறவிட்டு, தண்ணீர் விட்டாள். சிவப்பு விளக்கு ஒருதடவையும் எரியவில்லை.

இன்ஸாப் பாஸின் கராஜ் வாசலில் முஹ்ஸின் கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். மூன்று பேரும் வேர்வையில் குளித்து இறங்கியதைக் கண்டு அவருக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. மனைவியை மேலும் கீழும் பார்த்து, ஆனை ஒன்றும் வரவில்லையே என்று கேட்டார்.

பம்பைக் கழற்ற ஒரு மணித்தியாலம் எடுத்தது. இன்ஸாப் பாஸ் அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஓரத்தில் இளஞ்சிவப்பாக உப்புப் பொரிந்திருந்தது, அதற்கு மேலே மண் நிறத்தில் ஒரு படை. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னும் இரண்டு கட்டை ஓட்டியிருந்தால் ஆகியிருக்கும் என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். இது இன்றைய கசிவு இல்லை, மாதக்கணக்கான கசிவு, அப்படியானால் தண்ணீர் குறைந்திருக்கவேண்டும், டீச்சர் குறையவில்லை என்றாவே என்று கேட்டார்.

ஜெனூபா வாய் திறக்கவில்லை. ஒரு சொல் சொன்னால் கார் அவளிடமே தங்கிவிடும். ஆனால் தம்பிக்கும் கராஜ்காரருக்கும் முன்னால், மரியாதைக்காகச் செய்ததை ஒரு மனிதரின் குற்றமாக்கிக் காட்ட அவளுக்கு மனமில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம், தனியே சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும் என்று நினைத்தாள்.

முஹ்ஸின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அது சுகமாக இல்லை.

“நாம கதைச்சது ஞாபகம் இருக்குதானே ஜெனூபா? வழியில நிண்டா விக்கிறண்டு.”

மஜீடின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். மருதமுனைக்காரர்தான். அவர் அதை அணைத்துப் பையில் போட்டார். சாகாம வீதியிலிருந்து கல்முனை வரை அவர் பேசிய முதல் பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது.

“வண்டி நிக்கல்ல முஹ்ஸின். மச்சி நிப்பாட்டினா. நான் ஓட்டிருந்தா சிவப்பு எரியட்டுமெண்டு ஓட்டிருப்பன், எஞ்சின் அங்கேயே முடிஞ்சிருக்கும்.” கொஞ்சம் நிறுத்தி, பாஸின் கையிலிருந்த பம்பைப் பார்த்துச் சொன்னார். “தண்ணி குறையாம இருந்ததும் என்னாலதான். ஒவ்வொரு சனியும் வாய்க்கால் தண்ணி ஊத்தி நிரப்பின நான். அது ஏலாமக் கிடக்கண்டு காட்டிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. நான்தான் அதைப் பார்க்க விடல்ல.”

ஒருமுறை கொண்ட அபிப்பிராயத்தை மஜீட் இவ்வளவு தெளிவாகக் கைவிட்டதை அவருடைய தம்பி அன்றுவரை கண்டதில்லை. மரத்தடியில் வராத அழுகை ஜெனூபாவுக்கு அப்போதுதான் வரப்பார்த்தது. அவள் திரும்பி நின்று ரேடியேட்டரைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தாள்.

முஹ்ஸின் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். புதுப் பம்ப் எவ்வளவு ஓடும் என்று இன்ஸாப் பாஸிடம் கேட்டார். உள்ளே மண்ணை நன்றாகக் கழுவி, சரியான கூலன்டை விட்டால் இன்னொரு லட்சம் ஓடும் என்றார் பாஸ். முஹ்ஸின் தலையாட்டினார்.

“அந்த மட்டை பழசாகிட்டு,” என்றார் மனைவியிடம். “கடையில புதுப் பெட்டி வந்து கிடக்கு. பெரிய மட்டையா வெட்டிக் கொண்டுவாறன்.”

கார் விற்கப்படவில்லை என்பதை முஹ்ஸின் அதற்குமேல் விளக்கமாக ஒருபோதும் சொன்னதில்லை. திங்கட்கிழமை பின்னேர வகுப்பு வழக்கம்போல நாலு மணி வரை நடந்தது.

இரண்டு கிழமை கழிந்து, மஜீட் மறுபடி சனிக்கிழமை கார் கேட்டு வந்தார். இந்தத் தடவை வாசலில் நின்று, தயங்கிக் கேட்டார். ஜெனூபா சாவியைக் கொடுத்தாள். மத்தியானம் சாகாமத்திலிருந்து போன் வந்தது. வயலில் நெல் மூட்டை ஏற்றுகிற சத்தத்துக்கு நடுவில் மஜீட் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“மச்சி, தண்ணி அரை விரல் இறங்கிக் கிடக்கு. இஞ்ச கடையில நல்ல தண்ணிப் போத்தல் இருக்கு. ஊத்தவா?”

புதுப் பம்ப் போட்டபின் உள்ளே நின்ற காற்று வெளியேறினால் முதலில் கொஞ்சம் இறங்கும் என்று இன்ஸாப் பாஸ் சொல்லியிருந்தார். அது அவளுக்குத் தெரியும்.

“வேணாம் மச்சான், ஊத்தாதீங்க,” என்றாள். “குறைஞ்சத குறைஞ்ச மாதிரியே கொண்டுவந்து எனக்குக் காட்டுங்க.”

அஸருக்கு கார் வந்தது. சில்லில் சேறு இல்லை. பின்னால் விரால் கோர்வை கிடந்தது. மஜீட் தானே பொனட்டைத் திறந்துவிட்டு, விருந்துக்கு வெறுங்கையோடு வந்தவர்மாதிரித் தரையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஜெனூபா குனிந்து, கோட்டுக்கு அரை விரல் கீழே இளஞ்சிவப்பாக நின்ற தண்ணீரைப் பார்த்தாள். நல்லம் மச்சான், இப்பதான் சரி என்றாள்.